காற்றாலைகள் கூடியும் யூனிட்டுகள் ஏன் கூடவில்லை? 2024-25 கணக்கைப் பற்றி ஒரு கேள்வி

கணக்காயர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் கற்பிக்கிறேன். நாட்டின் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் வளர்ந்த கதையை மாணவர்களுக்காக ஒரே அட்டவணையில் தொகுத்துக்கொண்டிருக்கையில், ஓரிடத்தில் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன.

2024 மார்ச் இறுதியில் இந்தியாவின் காற்றாலை நிறுவுதிறன் ஏறத்தாழ 45.9 கிகாவாட்டாக இருந்தது. 2025 மார்ச் இறுதியில் 50 கிகாவாட்டைத் தொட்டுவிட்டது. ஓராண்டில் நான்கு கிகாவாட்டுக்குச் சற்று அதிகமாகவே சேர்ந்திருக்கிறது. ஆனால் மத்திய மின்சார ஆணையத்தின் உற்பத்திக் கணக்கைப் பார்த்தால், 2023-24இல் காற்றாலைகள் தந்தது சுமார் 8,339 கோடி யூனிட்; 2024-25இல் தந்தது சுமார் 8,335 கோடி யூனிட். இத்தனை ஆலைகளைப் புதிதாக நட்ட பிறகும் ஒரு யூனிட்கூட அதிகம் வரவில்லை என்றுதானே இதற்குப் பொருள்? சூரிய மின்சாரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே நிறுவுதிறன் 81.8 கிகாவாட்டிலிருந்து 105.6 கிகாவாட்டாக உயர்ந்தது. உற்பத்தியும் 11,597 கோடி யூனிட்டிலிருந்து 14,415 கோடி யூனிட்டாக உயர்ந்துவிட்டது.

காற்றாலைகள் பழுதாகி நிற்கின்றனவா, மின்தொகுப்பு அவற்றின் மின்சாரத்தை வாங்க மறுக்கிறதா, அல்லது காற்றே சரியாக வீசவில்லையா? இதோடு சேர்ந்த இன்னொரு ஐயமும் உண்டு. நாட்டின் மின்நிறுவுதிறனில் பாதி இப்போது நிலக்கரி, எரிவாயு முதலிய புதைபடிவ எரிபொருள் அல்லாதது என்று 2025இன் நடுப்பகுதியில் செய்திகள் வந்தன. நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் பாதி அப்படிப்பட்டது என்று மாணவர்களிடம் சொல்லலாமா? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

ஐம்பது ஹெர்ட்ஸ் எழுதியது:

வணக்கம் ஐயா. மாநில மின்வாரியத்தில் சுமைப் பங்கீட்டுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இரண்டாவது கேள்விக்கு விடை சுருக்கமானது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்: சொல்லக் கூடாது.

நிறுவுதிறன் என்பது குளத்தின் கொள்ளளவு போன்றது. அந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது வேறு கணக்கு. ஒரு மெகாவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் முழுத்திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் தரும். சூரியத் தகடுகள் இரவில் எதுவும் தருவதில்லை, காலையிலும் மாலையிலும் கொஞ்சமே தருகின்றன. ஆகவே நாடு தழுவிய சராசரியில் இந்த உச்சவரம்பில் 17 முதல் 18 விழுக்காடு வரையே அவற்றிடமிருந்து கிடைக்கிறது. காற்றாலைகளுக்கு அது 20 விழுக்காட்டை ஒட்டி வரும். 2025 மார்ச் கணக்குப்படி மொத்த நிறுவுதிறனில் சூரியனும் காற்றும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் 2024-25இல் நாடு உற்பத்தி செய்த சுமார் 1.82 லட்சம் கோடி யூனிட்டில் அவை இரண்டின் பங்கு எட்டில் ஒன்றுதான். செய்தியில் வந்த அந்தப் ‘பாதி’யில் பெரிய நீர்மின் நிலையங்களும் அணுமின் நிலையங்களும் அடக்கம் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி முதல் கேள்வி. நீங்கள் அடுக்கிய மூன்று ஐயங்களில் மூன்றாவதுதான் முதன்மைக் காரணம். காற்றிலுள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. காற்றாலை தன் முழுத்திறனை எட்டாத வேகங்களில், காற்றின் வேகம் பத்து விழுக்காடு குறைந்தால் அதிலுள்ள ஆற்றல் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்துவிடும். இந்தியாவில் காற்றாலை உற்பத்தியின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் வருவதால், அந்த ஐந்து மாதங்களில் காற்று சற்றுத் தளர்ந்தாலே ஆண்டுக் கணக்கு முழுவதும் சரிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் அதை ஈடுகட்ட வழியில்லை. இது முதல்முறையும் அல்ல. 2019-20இல் 6,465 கோடி யூனிட்டாக இருந்த காற்றாலை உற்பத்தி, நிறுவுதிறன் 37.7 கிகாவாட்டிலிருந்து 39.2 கிகாவாட்டாகக் கூடிய 2020-21இல் 6,015 கோடி யூனிட்டாகக் குறைந்தது. அதற்கு எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: 2022-23இல் 7,181 கோடியாக இருந்தது, மறு ஆண்டே 8,339 கோடிக்குத் தாவியது, அந்தத் தாவலுக்கு முழுவதும் புதிய ஆலைகளே காரணம் என்று கொள்ள முடியாது, நிறுவுதிறன் அவ்வாண்டில் மூன்றேகால் கிகாவாட் அளவே கூடியிருந்தது. ஆகவே நீங்கள் ஒப்பிடுவது ஒரு நல்ல காற்று ஆண்டையும் ஒரு மந்தமான காற்று ஆண்டையும்.

இன்னொன்று உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. மார்ச் 31ஆம் நாளின் நிறுவுதிறனை அந்த ஆண்டின் உற்பத்தியோடு வகுத்துப் பார்ப்பது பொருத்தமற்றது. செப்டம்பருக்குப் பிறகு இணைக்கப்பட்ட காற்றாலை, பெயரளவில் அந்த ஆண்டுக் கணக்கில் ஏறுமே தவிர, அந்த ஆண்டின் பருவக்காற்றைப் பார்த்திருக்காது. தொடக்கத் திறனுக்கும் இறுதித் திறனுக்கும் சராசரி எடுத்து வகுத்தால், 2023-24இல் 21 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், 2024-25இல் 20 விழுக்காட்டை ஒட்டியும் வருகிறது. ஒன்றரை விழுக்காட்டுப் புள்ளி வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். 48 கிகாவாட் மீது அது அறுநூறு கோடி யூனிட்டுக்கு மேல்.

---

உடுமலைக்காரன் எழுதியது:

மேலே பொறியாளர் ஐயா சொன்ன காரணத்தை மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் வருணபகவான் மீதும் வாயுபகவான் மீதும் போட்டுவிட்டால் மனிதர்கள் செய்தது மறைந்துபோகும். நாங்கள் நூற்பாலை நடத்துகிறவர்கள். ஆலைக்கென்று தொண்ணூறுகளின் நடுவில் நிறுவிய 250 கிலோவாட் இயந்திரங்கள் இன்றும் உடுமலையை அடுத்த பூளவாடிப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

தமிழ்நாட்டின் காற்றாலைக் கதை 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில், 55 கிலோவாட் அளவுள்ள சிறு இயந்திரங்களைக் கொண்ட மாதிரிப் பண்ணையாகத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் உள்ள கணவாய்கள் பருவக்காற்றைப் பிடித்து நெருக்கி இந்தப் பக்கம் தள்ளிவிடுவதால், முப்பந்தல், கயத்தாறு, உடுமலை வட்டாரங்கள் நாட்டிலேயே சிறந்த காற்றுள்ள இடங்களாக அமைந்தன. சிக்கல் என்னவென்றால், இந்த முதல்தர இடங்களை முதலில் பிடித்துக்கொண்டவை அந்தக் காலத்துச் சிறு இயந்திரங்கள். முப்பது மீட்டர் அளவே உயரமுள்ள கோபுரங்களில் அவை நிற்கின்றன. இன்றைய இயந்திரங்களோ நூறு மீட்டரைத் தாண்டி, நூற்றிநாற்பது மீட்டர் உயரத்திலும் நிற்கின்றன. உயரே போகப்போகக் காற்று வலுப்பதால், அதே நிலத்தில் புதிய இயந்திரம் ஒன்று பழைய பத்து இயந்திரங்களின் உற்பத்தியை எளிதாகத் தாண்டிவிடும். 225 கிலோவாட் இயந்திரம் ஒன்றை 20 விழுக்காட்டுக் கணக்கில் பார்த்தால் ஆண்டுக்கு நான்கு லட்சம் யூனிட்டை எட்டுவதற்கே திணறும்.

அப்படியானால் மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மத்திய அரசு 2016இல் ஒரு புதுப்பிப்புக் கொள்கையும் 2023இல் அதன் திருத்திய வடிவமும் வெளியிட்டது. தமிழ்நாடு அரசும் 2024இல் தனியாக ஒன்றை வெளியிட்டது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, நாடு முழுவதும் இப்படிப் புதுப்பிப்பதற்கு உரிய வாய்ப்பு சுமார் 25 கிகாவாட். களத்தில் நடப்பது வேறு. பெரிய இயந்திரத்துக்கு விசிறி விட்டத்தைப்போல் பல மடங்கு இடைவெளி வேண்டும். பக்கத்து இயந்திரம் வேறொரு ஆலைக்காரருடையது, அதற்கடுத்தது ஒரு அறக்கட்டளையுடையது, இடையிலுள்ள காடு ஒரு விவசாயியுடையது. அத்தனை பேரும் ஒத்துவந்தாலும் துணைமின்நிலையத்தில் இடம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய இயந்திரத்தைக் கழற்றினால் அதனோடு இருக்கும் பழைய ஒப்பந்தச் சலுகைகளும், குறிப்பாகக் காற்றுக்காலத்தில் கொடுத்த மின்சாரத்தை மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ‘பேங்கிங்’ வசதியும் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம் பலரைக் கட்டிப்போட்டிருக்கிறது. எங்கள் இயந்திரங்களுக்கு இன்று உதிரிபாகம் தருவதற்கு அவற்றைத் தயாரித்த நிறுவனமே இல்லை. உள்ளூர் பட்டறையில் கியர்பெட்டியைச் செப்பனிட்டு ஓட்டுகிறோம். காற்றுக்காலத்தில் ஒரு இயந்திரம் இரண்டு வாரம் நின்றால் அந்த ஆண்டு நட்டத்தோடுதான் முடியும்.

புதிய ஆலைகள் வரும் வேகம் ஏன் குறைந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம், அது முழுக்க முழுக்கப் பொருளியல். எங்களைப் போன்றவர்கள் காற்றாலை போட்டதே வருமான வரியில் முதலாண்டில் கிடைத்த 80 விழுக்காட்டுத் தேய்மானக் கழிவுக்காகத்தான். 2017 ஏப்ரலில் அது 40 ஆனது. யூனிட்டுக்கு 50 பைசா தந்துவந்த உற்பத்தி ஊக்கத்தொகையும் அதே மார்ச்சில் முடிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த முதல் தேசிய ஏலத்தில் விலை 3 ரூபாய் 46 பைசாவாக விழுந்தது, டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 2 ரூபாய் 43 பைசாவுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பு தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்திருந்த விலை 4 ரூபாய் 16 பைசா. விளைவு: 2016-17இல் நாட்டில் 5.5 கிகாவாட் காற்றாலைகள் வந்தன, 2017-18இல் 1.8 கிகாவாட்டுக்கும் குறைவு. நுகர்வோருக்கு மலிவு விலை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையில் கட்டுப்படியாகும் இடங்களென்று எல்லோரும் குஜராத்தின் கட்ச் பகுதிக்கு ஓடினார்கள். பல்லாண்டுகள் முதலிடத்தில் இருந்த தமிழ்நாடு இன்று 12 கிகாவாட்டைத் தாண்டிய குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

---

கணக்காயர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. சராசரித் திறனை எடுத்து வகுக்கும் முறையை அட்டவணையில் சேர்த்துக்கொள்கிறேன். அதைச் சூரிய மின்சாரத்துக்கும் செய்து பார்த்தேன்: 2023-24இல் 17.8 விழுக்காடு, 2024-25இல் 17.6 விழுக்காடு வருகிறது. தொழில்நுட்பம் ஆண்டுக்காண்டு மேம்படுகிறது என்கிறார்கள், விலையும் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அப்படியிருக்க இந்த விகிதம் உயராமல் ஒரே இடத்தில் நிற்பானேன்? மேலும், 2022க்குள் 100 கிகாவாட் என்று 2015இல் வைத்த இலக்கு 2025 ஜனவரியில்தான் எட்டப்பட்டது என்பதையும் பார்க்கிறேன். இந்தத் தாமதத்துக்கும் உற்பத்தி விகிதத்துக்கும் தொடர்பு உண்டா?

---

தார்ப்பாலை எழுதியது:

வணக்கம். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம், வேலை ராஜஸ்தானில் ஒரு சூரிய மின்நிலையத்தின் பராமரிப்பில். கணக்காயர் ஐயா கேட்ட விகிதத்தைப் பற்றி இங்கிருந்து சொல்லக்கூடியது சிலவுண்டு.

முதலில், 17.6 என்பது வேறு வேறு இனங்களைக் கலந்த சராசரி. ராஜஸ்தானின் பத்லா, கர்நாடகத்தின் பவகடா போன்ற பெரும் சூரிய மின்பூங்காக்களும் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையமும் ஒரு பக்கம், வீட்டுக் கூரையில் நிழல் விழும் மூலையில் பதித்த மூன்று கிலோவாட் தகடுகள் இன்னொரு பக்கம். ராஜஸ்தானில் புதிதாகக் கட்டும் நிலையங்கள் 25 விழுக்காட்டுக்கு மேல் தருகின்றன. அதற்கு வெயில் மட்டும் காரணமல்ல. 100 மெகாவாட் என்று கணக்கில் எழுதப்படும் நிலையத்தில் நேர்மின்னோட்டத் தகடுகளை 140 மெகாவாட் அளவுக்கு வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது, அதனால் காலையிலும் மாலையிலும், நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டர் நிறைந்து ஓடுகிறது. கூரைத் தகடுகள் 15, 16 விழுக்காட்டில் நிற்கும். 2024 பிப்ரவரியில் அறிவித்த ஒரு கோடி வீடுகளுக்கான பிரதமரின் சூரிய வீடு திட்டத்தால் கூரைப் பங்கு கூடக்கூட நாட்டுச் சராசரி மேலே போவது கடினம். அது குறையென்று நான் கருதவில்லை, கூரை மின்சாரத்துக்குப் புதிய நிலமும் வேண்டாம் நெடுந்தொலைவு கம்பியும் வேண்டாம்.

அடுத்து, வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். தகட்டின் வெப்பம் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அதன் திறனில் மூன்றில் ஒரு விழுக்காடு அளவுக்குக் குறையும். மே மாத நண்பகலில் தகடு 60 பாகையைத் தாண்டிச் சுடும். அதனால் எங்களுக்கு நல்ல மாதங்கள் வானம் தெளிந்து வெப்பம் குறைவாக இருக்கும் பிப்ரவரி இறுதியும் மார்ச்சும்தாம். தூசி இன்னொரு தொல்லை: மணற்புயல் அடித்த மறுநாள் தகடுகளைத் துடைக்காவிட்டால் இழப்பு கண்கூடாகத் தெரியும், தண்ணீரோ இங்கே பொன். ஆகவே நீரில்லாமல் தூரிகையால் துடைக்கும் தானியங்கி இயந்திரங்கள் இரவில் வரிசைவரிசையாக ஓடுகின்றன.

ஆனால் இவையெல்லாம் எப்போதும் இருந்தவை. அண்மைக்காலத்தில் எங்களை உண்மையில் வாட்டுவது கம்பி. சூரிய நிலையத்தை ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டில் கட்டி முடித்துவிடலாம். அதற்கான 765 கிலோவோல்ட் உயரழுத்த மின்தடத்தை நிலம் கையகப்படுத்தி, அனுமதிகள் பெற்று இழுத்து முடிக்க அதைப்போல் இரு மடங்கு காலமாவது ஆகிறது. இங்கே கானமயில் என்னும் அருகிவரும் பறவையின் வாழிடத்தில் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க வேண்டுமென்று 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது. பறவையும் பிழைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் நிலையங்கள் வந்துகொண்டே இருந்தன, கம்பிகள் நின்றுவிட்டன. 2025இல் இங்குள்ள நிலையங்கள் பலவற்றுக்கு நண்பகலில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வருவது அன்றாடமாகிவிட்டது. வெயில் கொளுத்துகிறது, தகடு ஆயத்தமாக இருக்கிறது, இன்வெர்ட்டரின் வரம்பைக் கீழே இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அப்படிக் கைவிட்ட யூனிட் எந்த ஆண்டுக் கணக்கிலும் வராது. மாநில மின்நிறுவனங்கள் ஒழுங்காக நிலக்கரியைக் குறைத்துக்கொண்டால் இந்த நிலை வந்திருக்காது என்பது என் கருத்து.

---

ஐம்பது ஹெர்ட்ஸ் எழுதியது:

தம்பி தார்ப்பாலை எழுதியதில் கடைசி வரியை மட்டும் அப்படியே ஏற்க முடியவில்லை. நிலக்கரி நிலையத்தை நண்பகலில் அணைத்துவிட்டு மாலையில் ஏற்ற முடியாது. குளிர்ந்த கொதிகலனை மீண்டும் முழுச்சுமைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். மாலை ஏழு மணிக்கு நாடு முழுவதும் விளக்கெரியும்போது சூரியன் கைகொடுக்காது என்பதால், அந்த நேரத்துக்கு வேண்டிய நிலையங்களைப் பகலிலும் குறைந்த சுமையில் ஓட்டியே தீர வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகள் அந்தக் குறைந்தபட்சச் சுமையை 55 விழுக்காடாக வைத்து, பின்னர் படிப்படியாக 40க்கு இறக்கச் சொல்கின்றன. அது நடக்கும்வரை நண்பகலில் நிலக்கரியை அந்த அளவுக்குக் கீழே இறக்க முடியாது. சுமைப் பங்கீட்டு மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உற்பத்தி தேவையை மிஞ்சி மின்தொகுப்பின் அதிர்வெண் ஐம்பது ஹெர்ட்ஸை விட்டு ஏறும்போது யாரையாவது குறைக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி இராது. சட்டப்படி சூரியனுக்கும் காற்றுக்கும் முன்னுரிமை உண்டு, ஆனால் மின்தொகுப்பின் பாதுகாப்பு அந்த முன்னுரிமைக்கும் மேலானது.

இதற்கு மருந்து மூன்று திசைகளில் வந்துகொண்டிருக்கிறது. பகல்நேரத் தேவையைக் கூட்டுவது ஒன்று. 2023 ஜூனில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி சூரிய நேரத்துக் கட்டணத்தை வழக்கமான கட்டணத்தைவிடக் குறைத்தும் உச்சநேரக் கட்டணத்தைக் கூட்டியும் வைக்க வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே அனுப்பும் தடங்கள் இன்னொன்று. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை வந்துள்ள 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் நேர்மின்னோட்டத் தடம் இரு திசையிலும் பாயக்கூடியது, நம் காற்றுக்கால உபரியை வடக்கே அனுப்புவதும் அதன் நோக்கங்களில் அடங்கும். மூன்றாவது சேமிப்பு. புதிய சூரிய ஒப்பந்தப்புள்ளிகளில் நிலையத் திறனில் குறைந்தது பத்து விழுக்காட்டளவுக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பைச் சேர்க்குமாறு ஆணையம் 2025 பிப்ரவரியில் அறிவுறுத்தியது. நம் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் எண்பதுகளிலிருந்தே இருக்கிறது. அன்று அது இரவு உபரி மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, பகலில் அதை இறக்கி மின்சாரம் தந்தது, இனி அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருக்கும்.

கணக்காயர் ஐயா கேட்ட இலக்கு பற்றி: 2010இல் தேசிய சூரிய இயக்கம் தொடங்கியபோது 2022க்கு வைத்த இலக்கு 20 கிகாவாட்தான், 2015இல் அதை ஐந்து மடங்காக்கினார்கள். எட்டியது இரண்டாண்டுக்கு மேல் தாமதமென்றாலும் முதல் இலக்கைப்போல் ஐந்து மடங்கு. தாமதத்துக்குக் கூரைத் திட்டம் மந்தமாக நடந்ததும், 2022 ஏப்ரலில் இறக்குமதித் தகடுகள் மீது விதித்த 40 விழுக்காட்டுச் சுங்கவரியும் பெருங்காரணங்கள்; உற்பத்தி விகிதத்தோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை.

அட்டவணைக்கு ஒரு யோசனை. 2018-19இல் தொடங்குங்கள், அன்று காற்று 6,204 கோடி யூனிட், சூரியன் 3,927 கோடி. 2020-21 வரிசையில் சூரியன் 6,040, காற்று 6,015 என்று இரண்டும் ஏறக்குறைய சமமாக நிற்கும். அதன் பக்கத்தில் மாதவாரி உற்பத்தியை ஒரு தனிப்பத்தியில் போட்டால், ஜூலையில் சூரியன் இறங்கும்போது காற்று ஏறுவதையும், நவம்பரில் காற்று அடங்கிக் கிடப்பதையும் மாணவர்கள் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள். ஆணையத்தின் மாதாந்திரப் புதுப்பிக்கத்தக்க மின்னுற்பத்தி அறிக்கையில் மாநிலவாரியாகவே இவை கிடைக்கும்.

---

கணக்காயர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. தமிழ்நாடு, குஜராத், ராஜஸ்தான் மூன்றையும் மாதவாரியாக எடுத்துக்கொள்கிறேன். உடுமலை நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: தங்கள் 250 கிலோவாட் இயந்திரம் ஒன்றின் மாத யூனிட்டுகளைப் பெயர் விவரமின்றித் தர இயலுமானால், நாட்டுக் கணக்கின் பக்கத்தில் ஒற்றை இயந்திரத்தின் கணக்கையும் வகுப்பில் வைக்கலாம்.

---

உடுமலைக்காரன் எழுதியது:

தருகிறேன் ஐயா. ஆலைக் கணக்கர் விடுப்பில் இருக்கிறார்; அவர் திரும்பியதும் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான மீட்டர் குறிப்புகளை அனுப்புகிறேன். கியர்பெட்டிக்காக இயந்திரம் நின்ற நாட்களை அதில் தனியாகக் குறித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மாணவர்கள் அந்தக் குறைவையும் காற்றின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.